எழுத்தராகவே தொடர்வதா, அதிகாரியாவதா: பொதுத்துறை வங்கி ஊழியரின் ஒரு கணக்கு

பொதுத்துறை வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து நீண்ட காலம் ஆனவர்களிடம், பதவி உயர்வுச் சுற்றறிக்கை வந்த வாரத்தில், கிளையிலும் வீட்டிலும் சங்க அலுவலகத்திலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: “இந்த வருஷமாவது எழுதப் போறீங்களா?” பதவி உயர்வுத் தேர்வைத்தான் சொல்கிறார்கள். நான் எழுதவில்லை. ஸ்கேல் ஒன் அதிகாரியாவதற்கு, அதாவது அதிகாரிகளின் முதல் நிலைக்கு, தகுதி இருந்தும் சென்னையில் எழுத்தராகவே தொடர்வது என்று முடிவு செய்தவன் என்பதால், இந்த ஒப்பீட்டில் நான் நடுநிலை வகிக்கவில்லை என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் சம்பளம். வங்கி நிர்வாகங்களுக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் இடையே 2024 மார்ச்சில் கையெழுத்தான பன்னிரண்டாவது இருதரப்பு ஊதிய ஒப்பந்தத்தின்படி எழுத்தரின் அடிப்படைச் சம்பளம் 24,050 ரூபாயில் தொடங்கி 64,480 வரை செல்கிறது. அதே சமயத்தில் அதிகாரிகளுக்கு வந்த ஊதிய விகிதத்தில் ஸ்கேல் ஒன் 48,480 ரூபாயில் தொடங்கி 85,920 வரை செல்கிறது. புதிதாகச் சேரும் இருவரை ஒப்பிட்டால் வித்தியாசம் இரு மடங்கு. ஆனால் பத்தொன்பது ஆண்டு உயர்வுகளையும் பெற்று உச்சத்தைத் தொட்ட எழுத்தரின் அடிப்படைச் சம்பளம், ஸ்கேல் ஒன்னின் நடுப்பகுதிக்கு ஏற்கெனவே வந்துவிட்டிருக்கும். ஆகவே, மூத்தவர்களுக்குப் பதவி உயர்வால் உடனடியாகக் கூடும் தொகை, வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கும் அளவு இருப்பதில்லை. பதவி உயர்வின்போது ஸ்கேல் ஒன் ஊதிய விகிதத்தின் எந்தப் படியில் பொருத்துவார்கள் என்பதற்கு அட்டவணை இருக்கிறது; பிறர் சொல்வதை நம்பாமல் அதைப் பார்த்து நீங்களே கணக்கிடுவது நல்லது. நீண்ட காலத்தில் அதிகாரிக்கே ஆதாயம் அதிகம் என்பதில் எனக்கு மறுப்பில்லை.

அடுத்தது இடமாற்றம். எல்லோரும் முதலில் அஞ்சுவது இதற்குத்தான் என்றாலும் நான் இதைத் தீர்மானமான காரணமாகக் கருதவில்லை. எழுத்தருக்கு இடமாற்றம் வந்தால் பெரும்பாலும் மாநிலத்துக்குள்ளேயே இருக்கும். அதிகாரியை நாட்டின் எந்தப் பகுதிக்கும் அனுப்பலாம். தலைமையகம் சென்னையில் இருக்கும் வங்கி என்றால் இங்கேயே இருந்துவிடலாம் என்று நம்புகிறவர்கள் உண்டு. 2020 ஏப்ரல் 1 அன்று அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியுடன் இணைந்த பிறகு, அந்த வங்கி அதிகாரிகளின் வரைபடத்தில் உத்தரப்பிரதேசமும் வங்காளமும் எவ்வளவு பெரிய இடத்தைப் பிடித்தன என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்கலாம். இருந்தாலும் இடமாற்றத்துக்கு ஒரு முடிவு உண்டு. இரண்டோ மூன்றோ ஆண்டுகள் தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்துவிட்டுத் திரும்பியவர்கள் என் கிளையிலேயே இருக்கிறார்கள். குரோம்பேட்டையில் குடும்பத்தை விட்டுவிட்டுப் போனவர்களும் அதைத் தாண்டி வந்திருக்கிறார்கள். பிள்ளைகளின் பத்தாம் வகுப்பு, பெற்றோரின் மருத்துவம் ஆகியவற்றை ஒட்டி அவரவர் எடைபோட வேண்டிய விஷயம் இது.

என் முடிவைத் தீர்மானித்தது கையெழுத்து. வங்கியில் ஒரு பரிவர்த்தனையை ஒருவர் உள்ளிட, மற்றொருவர் அங்கீகரிக்க வேண்டும். உள்ளிடுவது பெரும்பாலும் எழுத்தர், அங்கீகரிப்பது அதிகாரி. எழுத்தரின் தவறு பெரும்பாலும் அன்று மாலையே கணக்கு முடிக்கும்போது தெரிந்துவிடும்: பணம் குறைந்தால் அன்றே குறையும், தவறான கணக்கில் வரவு வைத்தால் மறுநாள் வாடிக்கையாளர் வந்து நிற்பார். அதிகாரியின் கையெழுத்துக்கு அப்படிப்பட்ட எல்லை கிடையாது. அவர் ஒப்புதல் அளித்த சிறுதொழில் கடனின் தவணை தொண்ணூறு நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் அது வாராக்கடன். அது கடன் கொடுத்த ஆண்டிலும் நேரலாம், அவர் வேறு இரண்டு கிளைகளுக்கு மாறிப்போன பிறகும் நேரலாம். நகைக்கடனும் அப்படித்தான். மதிப்பீட்டாளர் உரசிப் பார்த்துச் சான்று கொடுத்தாலும், மறுமதிப்பீட்டிலோ ஏலத்துக்கு எடுக்கும்போதோ பொட்டலத்தில் இருப்பது போலி என்று தெரிந்தால், கடனை அனுமதித்த அதிகாரியும் பதில் சொல்லியாக வேண்டும். சமீப ஆண்டுகளில் இதோடு சேமிப்புக் கணக்கும் சேர்ந்துகொண்டது: எவரோ மோசடிப் பணத்தைச் சுழற்றப் பயன்படுத்திய கணக்குக்காகக் காவல்துறையின் சைபர் பிரிவிலிருந்து கடிதம் வரும்போது, அந்தக் கணக்கைத் திறக்க அங்கீகரித்தது யார் என்பதைத்தான் முதலில் தேடுகிறார்கள்.

விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்போது அந்த அதிகாரி சேலத்திலோ கான்பூரிலோ இருப்பார். கோப்போ பழைய கிளையின் அலமாரியில் இருக்கும். கடன் வாங்கியவரின் கடையை நேரில் பார்த்தீர்களா, எந்தத் தேதியில் பார்த்தீர்கள், யார் உடன் வந்தார்கள் என்ற கேள்விகளுக்கு நினைவிலிருந்து பதில் எழுத வேண்டும். நான் இருந்த ஒரு கிளையின் முன்னாள் மேலாளர் ஒருவர், ஓய்வு பெறச் சில மாதங்கள் இருந்தபோது பழைய கடன்கள் சிலவற்றுக்காகக் குற்றப்பத்திரிகை பெற்றார். அவர் பணம் எடுத்தார் என்று குற்றம் சாட்டியவர்களே சொல்லவில்லை. ஆய்வு அறிக்கைகள் முறையாக இல்லை என்பதுதான் குற்றச்சாட்டு. தேசியமயமாக்கப்பட்ட வங்கிகளின் 1979ஆம் ஆண்டு அதிகாரிகள் பணி விதிகளின்படி, ஓய்வு நாள் வந்தாலும் ஒழுங்கு நடவடிக்கை அவர் பணியில் இருப்பதைப் போலவே தொடரலாம். அது முடியும் வரை ஓய்வுப் பலன்களில் பெரும்பகுதி நின்றுபோகும். மகளின் கல்யாணத்துக்கென்று கணக்குப் போட்டு வைத்திருந்த பணிக்கொடையை எதிர்பார்த்து அந்த மனிதர் மண்டல அலுவலகத்துக்கு நடந்த நடையை நான் பார்த்தேன்.

எழுத்தர்மேலும் நடவடிக்கை வரும், அதை மறைக்கவில்லை. ஆனால் தொழிலாளர் சட்டத்தின் பார்வையில் எழுத்தர் ஒரு தொழிலாளி. அவருக்காகச் சங்கம் தொழில் தகராறு எழுப்பலாம். அது சமரச அதிகாரி, தீர்ப்பாயம் என்று நகரும். அதிகாரிக்கு அந்த வழி இல்லை. துறைக்குள் மேல்முறையீடு செய்து, அதுவும் பயனளிக்காவிட்டால் வழக்கறிஞரை வைத்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வேண்டும்.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஐம்பது கோடி ரூபாய் வரையிலான வாராக்கடன்களில் ஊழியர் பொறுப்பை எப்படி ஆராய வேண்டும் என்பதற்கு நிதியமைச்சகத்தின் நிதிச் சேவைகள் துறை 2021 அக்டோபரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2022 ஏப்ரல் முதல் வாராக்கடனாகும் கணக்குகளுக்கு அது பொருந்தும். கணக்கு வாராக்கடனான ஆறு மாதத்துக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்பதும், நல்லெண்ணத்தோடு எடுத்த முடிவுகளுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதும் அதன் நோக்கம். இதனால் நிலைமை மேம்பட்டிருப்பதாக அதிகாரியாக இருக்கும் நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். இல்லை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. கடன் பிரிவில் எழுத்தராக இருந்து பார்த்ததை வைத்துத்தான் பேசுகிறேன். கிராமக் கிளைகளின் நிலை எனக்கு நேரடியாகத் தெரியாது. அங்கே மேலாளருக்குக் கிடைக்கும் மரியாதையும் சுதந்திரமும் தனி என்கிறார்கள்.

காப்பீட்டுப் பாலிசி விற்பனை இலக்கு, காலையும் மாலையும் நடக்கும் காணொலி ஆய்வுக் கூட்டம், ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப் செய்தி ஆகிய தொல்லைகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவை எழுத்தர்களையும் இப்போது தொடத் தொடங்கிவிட்டன. நேரம் கடந்து வேலை செய்தால் எழுத்தருக்கு மிகைநேர ஊதியம் உண்டு, அதிகாரிக்கு இல்லை என்பது ஒரு சிறு ஆறுதல். அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கதை.

முப்பது வயதுக்குள் இருப்பவரிடம் நான் இதே ஆலோசனையைச் சொல்ல மாட்டேன். அவருக்கு முன்னால் ஸ்கேல் இரண்டு, மூன்று என்று படிகள் இருக்கின்றன. நிர்வாக அலுவலகம், தகவல் தொழில்நுட்பம், அந்நியச் செலாவணி போன்ற, கடன் கையெழுத்து குறைவான பிரிவுகளுக்குச் செல்லவும் காலம் இருக்கிறது. நாற்பத்தைந்தைத் தாண்டியவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது கிளைப் பணிதான், அதிலும் கடன் மேசைதான். ஓய்வுக்கு முன் மிஞ்சியிருக்கும் காலத்தில் இடும் கையெழுத்துகளில் ஒன்றாவது ஓய்வு நாளைத் தாண்டியும் தொடர வாய்ப்பிருக்கிறது.

இடைப்பட்ட வழி ஒன்றும் உண்டு. எழுத்தர் நிலையிலேயே, சிறப்பு ஊதியத்தோடு தலைமைக் காசாளர், ஸ்பெஷல் அசிஸ்டெண்ட் போன்ற பொறுப்புகளை ஏற்கலாம். குறிப்பிட்ட வரம்புக்குள் ஸ்பெஷல் அசிஸ்டெண்டும் பரிவர்த்தனைகளை அங்கீகரிப்பார் என்பதாலும், தலைமைக் காசாளரிடம் பெட்டகத்தின் ஒரு சாவி இருக்கும் என்பதாலும் இதுவும் பொறுப்பற்ற இடமல்ல. ஆனால் கடனை அனுமதிக்கும் வேலை அதில் இல்லை. எனக்கு அது போதுமானதாக இருக்கிறது.

முடிவெடுக்காமல் தேர்வை மட்டும் எழுதி வைத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்ணப்பிக்காமல் இருப்பதால் எதுவும் கெடுவதில்லை. அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கலாம். தேர்வாகி, பணியிட ஆணை வந்த பிறகு மறுத்தால், பல வங்கிகளில் அதற்கடுத்த சில ஆண்டுகளுக்குப் பதவி உயர்வில் பங்கேற்கவே விடமாட்டார்கள். எத்தனை ஆண்டுகள் என்பது வங்கிக்கு வங்கி மாறும். சுற்றறிக்கையின் கடைசிப் பக்கங்களில் இருக்கும், சங்கச் செயலாளரிடமும் கேட்கலாம்.