கொச்சிக்கடை அந்தோனியாரா, வுல்வெண்டால் தேவாலயமா?

கொழும்பில் பலிபீடம் பார்க்க ஒரு காலைப்பொழுதுதான் கிடைக்கிறது என்றால் எங்கே போவது? இரண்டும் கிட்டக் கிட்டத்தான், ஓட்டோவில் ஏறி உட்காருவதற்குள் இறங்க வேண்டியதுதான்.

கொச்சிக்கடையில் திருப்பலி நடக்கும் பீடத்தைவிட அந்தோனியார் சொரூபத்தின் முன்னால்தான் நெரிசல். அதுவும் செவ்வாய்க்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். பொட்டு வைத்த அம்மா ஒருவர் சொரூபக் கூட்டின் கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுவார். பக்கத்தில் சிங்கள ஆச்சி மெழுகுதிரியோடு காத்து நிற்பார். நேர்த்திக்கு யார் மதம் கேட்கிறார்கள்? 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்பில் சிதைந்த ஆலயம் இது. ஜூன் மாதமே திருத்தித் திறந்துவிட்டார்கள்.

வுல்வெண்டாலில் பலிபீடத்தைத் தேடினால் ஏமாற்றம்தான். ஒல்லாந்தர் 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் வழிபாட்டுக்குத் திறந்த சீர்திருத்த (புரட்டஸ்தாந்து) சபைக் கோயில். கிறிஸ்துவின் பலி ஒருமுறை சிலுவையில் முடிந்துவிட்டது என்பது அவர்கள் கொள்கை. ஆகவே திருவிருந்துக்கு ஒரு மேசை, பிரசங்க பீடத்துக்கே முதலிடம். சொரூபமும் இல்லை, தூபமும் இல்லை. கண் தானாகத் தரைக்குப் போகும்: குலச்சின்னம் செதுக்கிய ஒல்லாந்தர் கல்லறைக் கற்கள்.

கட்டடக்கலைப் பிரியர் வுல்வெண்டாலுக்குப் போகட்டும். என் வாக்கு கொச்சிக்கடைக்கே. பெரிய பையை மட்டும் அறையிலேயே விட்டுவிட்டுப் போங்கள், வாசலில் சோதனை உண்டு.