பிஎச்டி சீட் வாங்கித் தரேன்னு 14,800 வெள்ளியை வாங்கிட்டான், உஷாரா இருங்க

நேத்து ராத்திரி பூரா தூங்கல. கோபம் ஆறிட்டா எழுத மாட்டேன், அதான் இப்பவே உக்காந்துட்டேன். எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க. 14,800 மலேசிய வெள்ளி போச்சு.

நான் மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பொண்ணு. பினாங்கு யுஎஸ்எம் யுனிவர்சிட்டியில இயற்பியல் மாஸ்டர்ஸ் முடிச்சேன். சோலார் செல்லுக்கு மெல்லிய படலம் படிய வைக்கிற ஆராய்ச்சி. அடுத்து பிஎச்டி பண்ணணும்னு ஆறு மாசமா மண்டையைக் குடைஞ்சுக்கிட்டிருந்தேன். உள்ளூர் யுனிவர்சிட்டியான யுஎம்மா, யுகேஎம்மா, இல்ல வெளிநாடா? உலகத் தரவரிசையை எடுத்து வச்சுக்கிட்டு மேலேருந்து ஒவ்வொண்ணா அடிச்சுக்கிட்டே வந்தேன், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. முதல் முட்டாள்தனம் அதுதான்.

என்னை ஏமாத்தின ஆளோட பேர், ஏஜென்சி பேர் எதையும் போடல. வெளிநாட்டுக்குப் பிள்ளைங்களைப் படிக்க அனுப்புற ஏஜென்சி, ஈப்போவுல ஒரு கோப்பிக்கடைக்கு மேல் மாடி. சுவர் பூரா கறுப்புத் தொப்பி போட்ட பிள்ளைங்க போட்டோ. "நானும் தோட்டத்து லயத்து வீட்டுல பொறந்தவன்தான் தங்கச்சி"ன்னு ஆரம்பிச்சான். அதுக்கெல்லாம் நான் மயங்கல. மயங்கினது அவன் வீட்டுக்கு வந்த அன்னைக்கு.

அப்பா 31 வருஷம் ரப்பர் மரத்துல பால் வெட்டினவர். பிஎச்டின்னா என்னன்னு நான் எத்தனையோ தடவை சொல்லியும் அவருக்குப் பிடிபடல. "டாக்டர்னா ஊசி போடுவியா"ன்னு கேப்பார். இவன் வந்து நாற்காலியை ஒதுக்கிட்டு அவர் பக்கத்துல தரையில உக்காந்தான். "ஐயா, ஆழமா வெட்டினா மரத்துக்குக் காயம், மேலாக வெட்டினா பால் வராது. எவ்வளவு ஆழம்னு உங்க கை கண்டுபிடிக்க எத்தனை வருஷம் ஆச்சு? உங்க மவ அந்த மாதிரி ஒரு விஷயத்தைக் கண்டுபிடிக்கப் போறா"ன்னான். அப்பா அப்படியே என்னைத் திரும்பிப் பாத்தார். அந்தப் பார்வைக்கு நான் பதினாலாயிரம் என்ன, வீட்டையே எழுதிக் கொடுத்திருப்பேன். படுபாவி, அது தெரிஞ்சுதான் வந்திருக்கான்.

மறுநாளே பதிவுக்கு 3,000. ஜெர்மனியில சீட்டுப் பிடிச்சு வைக்க 9,800. சர்டிபிகேட் மொழிபெயர்க்க 2,000. எல்லாம் அப்பாவோட இபிஎஃப் காசு, வேலை செஞ்ச காலத்துல சம்பளத்துல பிடிச்ச ஓய்வுக்காலச் சேமிப்பு. 55 வயசு ஆனதும் எடுத்து, வீட்டுக் கூரை மாத்தலாம்னு வச்சிருந்தது. கம்பெனி கணக்குக்கு இல்ல, ஒரு ஆளோட சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொன்னான். அனுப்பினேன்.

மூணு வாரத்துல ஆஃபர் லெட்டர் வந்துச்சு. முத்திரை, கையெழுத்து, மேற்பார்வையாளரா ஒரு பேராசிரியர் பேர். அம்மா அதை சாமி படத்துக்குக் கீழ வச்சாங்க. சரி, சேரப் போற ஆளு என்ன எழுதியிருக்கார்னு படிப்போமேன்னு ஆர்க்கைவ் (arXiv) வெப்சைட்ல தேடினேன். இயற்பியல்காரங்க 1991லேருந்து கட்டுரை போடுற இடம், யார் வேணாலும் காசில்லாம பாக்கலாம். அந்த மனுஷன் எழுதினது அத்தனையும் நியூட்ரினோங்கிற அணுவைவிடச் சின்னத் துகளைப் பத்தி! நான் மெல்லிய படலம். பல் வலிக்குக் கண் டாக்டர்கிட்ட அனுப்பின கதை. இதை நான் பணம் கட்டுறதுக்கு முன்னாடி பாத்திருக்கணும், அஞ்சு நிமிஷ வேலை.

அவருக்கே மெயில் போட்டேன். மறுநாள் பதில் வந்துச்சு. அந்த ஏஜென்சியை அவருக்குத் தெரியாதாம், கடிதம் அவர் எழுதினது இல்லையாம். கடைசி வரிதான் நெஞ்சுல குத்துச்சு. அவர் குழுவுல பிஎச்டி பண்றவங்க சம்பளத்துக்கு வேலை செய்றவங்களாம், யாரும் சீட்டுக்குப் பணம் கட்டுறதில்லையாம்.

புரியுதுங்களா? ஜெர்மனியில இயற்பியல் பிஎச்டி பெரும்பாலும் சம்பளத்தோட வர்ற வேலை. அரசாங்க யுனிவர்சிட்டியில பொதுவா கல்விக் கட்டணமும் இல்ல, செமஸ்டருக்கு ஒரு சின்னத் தொகைதான். அமெரிக்காவுல பெரும்பாலான இயற்பியல் துறைகள்ல பாடம் எடுக்கவோ ஆய்வுக்கு உதவவோ வச்சுக்கிட்டு, கட்டணத்தைத் தள்ளுபடி பண்ணி, உதவித்தொகையும் தருவாங்க. எனக்குச் சம்பளம் தர வேண்டிய இடத்துக்கு நான் 14,800 வெள்ளி கட்டியிருக்கேன்.

அதுக்கப்புறம் நடந்த கூத்து தனி. பணம் கட்டுற வரைக்கும் "தங்கச்சி". கட்டின பிறகு "மிஸ்". "மிஸ், ஜெர்மனியில லீவு." "மிஸ், அதை கோலாலம்பூர் ஆபீஸ்தான் பாக்கணும்." அந்த நம்பருக்கு அடிச்சா ஈப்போவைக் கேக்கச் சொல்றாங்க. வாட்சப்புல நீலக் குறி விழுது, பதில் இல்ல. நேரா போய் நின்னேன். புதுப் பொண்ணு ஒண்ணு ரிசீட்டை என் பக்கம் திருப்பி ஏழாவது வரியைக் காட்டுது: "கல்வி ஆலோசனைச் சேவை, பணம் திரும்பத் தரப்படாது." ஆலோசனை கொடுத்தாச்சே, சேவை முடிஞ்சுதாம். நான் கத்தினதும் உள்ளேருந்து இவன் வந்து, "வேணும்னா பதினாறு மாசத்துல ஆன்லைன்லயே பிஎச்டி முடிச்சுக்கலாம், இன்னும் 6,000தான்"ன்னான். வெற்றிடக் கலத்துல படலம் படிய வைக்கிற மெஷினை எங்க வீட்டுக் கோழிக்கூண்டுப் பக்கத்துல இறக்குவானா?

எப்படித் தேர்ந்தெடுக்கிறதுன்னு விவரமா எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன், நேரம் இல்ல. யுனிவர்சிட்டி பேரைப் பாக்காதீங்க, உங்க ஆராய்ச்சியைச் செய்ற பேராசிரியரைப் பாருங்க, அவருக்கு நீங்களே எழுதுங்க. அவர்கிட்ட இப்ப படிக்கிற ரெண்டு பேர்கிட்ட பேசுங்க, முடிச்சவங்க எங்க வேலை செய்றாங்கன்னும் கேளுங்க. உள்ளூர்னா, படிப்புகளுக்கு அங்கீகாரம் கொடுக்கிற எம்கியூஏவோட பதிவேட்டுல படிப்பு இருக்கான்னு பாருங்க. சொந்தக் கணக்குக்குப் பணம் கேட்டா, அந்த நம்பரை, மோசடிக் கணக்கான்னு பாக்க போலிஸ் வச்சிருக்கிற செமாக் மியூல் வெப்சைட்ல போட்டுப் பாருங்க. ஏமாந்துட்டா உடனே மோசடிப் புகார் நம்பர் 997க்கு அடிங்க. எனக்கு நாலு மாசம் கழிச்சுத்தான் அது தெரிஞ்சுது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்துல 50,000 வெள்ளி வரைக்கும் வழக்குப் போடலாம், கட்டணம் 5 வெள்ளி. அங்கயும் போகத்தான் போறேன்.

14,800ல ஒரு காசு வந்தாலும் இங்க வந்து சொல்றேன். அப்பா வெளிய மோட்டாரை ஸ்டார்ட் பண்ணிட்டார், பாலாய்க்கு, அதான் போலிஸ் ஸ்டேஷனுக்குப் போய் ரிப்போர்ட் போடணும். அந்த லெட்டரை சாமி படத்துக்குக் கீழேருந்து இன்னும் யாரும் எடுக்கல, அதையும் எடுத்துக்கிட்டுப் போகணும்.