அக்கா கையில் பழுப்புப் பொட்டுகள்

அக்காவுக்கு மூன்று வருடமாக வெண்புள்ளி. நாலு மாதம் ஒளிச்சிகிச்சை எடுத்தும் பலனில்லை என்று சோர்ந்திருந்தாள். லீவில் வந்த நான்தான் விளம்பரத்தை நம்பி ஒரு ஸ்டெம் செல் (புது செல்களை உருவாக்கும் மூல செல்) கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன்.

நான் இருக்கும் நாட்டில் தோல் டாக்டரைப் பார்க்க மாதக்கணக்கில் ஆகும். இங்கே காலையில் போன் செய்தோம், மாலையே வரச் சொன்னார்கள். அந்தச் சந்தோஷம் பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. வெள்ளைக் கோட்டில் வந்தவர் டாக்டரே இல்லை. ஆறு ஊசி 'பேக்கேஜ்', ரத்தக்குழாயில் ஏற்றினால் செல்கள் தானாகவே தோலைத் தேடிப் போகுமாம். எந்த செல், எங்கிருந்து எடுத்தது, எந்த ஆய்வில் நிரூபித்தது என்று கேட்டேன். "நிறைய பேருக்குச் சரியாயிருக்கு சார்." மூன்று கேள்விக்கும் இதே பதில். அக்காவின் கையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை! கோபத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள், ஒளிச்சிகிச்சை எழுதிக்கொடுத்த எங்கள் பழைய டாக்டரிடமே போனோம். அதே மரப் பெஞ்சு, அதே டோக்கன். முன்கையில் லென்ஸை வைத்து என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். வெள்ளைத் திட்டுக்குள், முடி முளைத்த இடங்களைச் சுற்றி மட்டும் குட்டிக் குட்டிப் பழுப்புப் பொட்டுகள்.

"இதாம்மா உன் ஸ்டெம் செல்."

உடம்பின் நோய் எதிர்ப்பு செல்களான டி செல்கள் மேல்தோலின் நிறமி செல்களை அழித்தாலும், முடிவேரில் ஒதுங்கியிருக்கும் நிறமி ஸ்டெம் செல்கள் பெரும்பாலும் தப்பிவிடுமாம். 311 நானோமீட்டர் ஒளி பட்டதும் அவை பெருகி மேலேறி வருகின்றன. முடியில்லாத விரல்நுனியும் உதடும் அதனால்தான் சிரமம். திட்டில் முடியே வெளுத்துவிட்டாலும் அப்படித்தான். அக்கா கையில் முடி இன்னும் கறுப்பு. தாக்கிய டி செல்களில் சில தோலிலேயே தங்கிவிடும், நோய் திரும்பவும் வரலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

ஸ்டெம் செல் சிகிச்சையே பொய் என்று அவர் சொல்லவில்லை. தோல் இறுகும் ஸ்க்ளீரோடெர்மா கடுமையானவர்களுக்கு, அவர்களுடைய ரத்த ஸ்டெம் செல்லையே எடுத்துத் திருப்பிச் செலுத்திய ஆய்வு 2014-இல் வந்தது. 156 பேர். ஸ்டெம் செல் சிகிச்சைக்கு ஒதுக்கிய 79 பேரில் 8 பேர் முதல் வருடத்திலேயே அந்தச் சிகிச்சையால் இறந்தார்கள். ஆனால் நாளடைவில் மருந்து மட்டும் எடுத்தவர்களைவிட இவர்களில்தான் அதிகம் பேர் பிழைத்தார்கள். அவ்வளவு கனமான விஷயத்தைத்தான் கிளினிக்கில் ஆபத்து என்ற சொல்லே இல்லாமல் விற்றார்கள்.

ஒளிச்சிகிச்சையை விட்டுவிட இருந்தவள், மறுநாள் காலை எனக்கு முன்னால் கிளம்பி வாசலில் நின்றாள்.