ஏற்காடு கோடை முகாம்: மகளை அனுப்பும் முன் நான் கேட்டு வாங்கிய ஒன்பது பக்கம்

மே மாதம் வந்துவிட்டால் சேலத்தில் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்திருப்பது பெரும்பாடு, வெயில் அப்படி. ஒன்பதாம் வகுப்பு முடித்த என் மகளை இந்த வருடம் ஏற்காட்டில் ஒரு இளைஞர் பயிற்சி அமைப்பு நடத்தும் ஐந்து நாள் முகாமுக்கு அனுப்பினேன். மலையேற்றம், கயிறு ஏறுதல், முதலுதவி, மேடைப் பேச்சு, தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து 7,500 ரூபாய். பயிற்சி நன்றாகவே இருந்தது, அதில் குறை இல்லை. நான் எழுத வந்தது வேறு: அவர்களுடைய சமத்துவம், நடத்தை, பாதுகாப்பு விதிகள், அவற்றை அவர்கள் எப்படிக் கடைப்பிடித்தார்கள் என்பது. அமைப்பின் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் இதில் என் மகள் சம்பந்தப்பட்ட விஷயம் வருகிறது.

சேருவதற்கு முன் நாலு இடத்தில் ஒரே கேள்வியைக் கேட்டேன், "பிள்ளைகள் பாதுகாப்புக்கு எழுத்தில் ஏதாவது வச்சிருக்கீங்களா?" மூன்று இடத்தில் வந்த பதில், "நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி பாத்துக்குவோம்ங்க, கவலையே படாதீங்க." நல்ல மனதோடுதான் சொன்னார்கள், ஆனால் ராத்திரி பத்து மணிக்கு ஏதாவது ஒன்று என்றால் நான் யாரைக் கூப்பிடுவது என்பதற்கு அதில் பதில் இல்லையே. அஸ்தம்பட்டி பக்கம் இருந்த இந்த அலுவலகத்தில் மட்டும் அந்தப் பெண் மேசை டிராயரைத் திறந்து பின் அடித்த ஒன்பது பக்கத்தை எடுத்து நீட்டினார். முழுக்க ஆங்கிலம். தமிழில் வேண்டும், என் மகளும் படிக்க வேண்டும் என்றேன். ரெண்டு நாள் கழித்துக் கொடுத்தார்கள். இதைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது முதல் குறை.

சமத்துவப் பகுதியில் சாதியைப் பேர் சொல்லியே எழுதியிருந்தார்கள், சுற்றி வளைக்கவில்லை. "நீ எந்த ஊரு, எந்தத் தெரு, உங்க தாத்தா பேரு என்ன" என்று தோண்டித் துருவுவதும் சாதி கேட்பதுதான், பயிற்சியாளரும் கேட்கக்கூடாது, பிள்ளைகளும் கேட்கக்கூடாது என்று ஒரு வரி. படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன், நம்மூரில் இந்தக் கேள்வியைக் கேட்காத கல்யாண வீடு உண்டா? சாதியைக் காட்டும் கலர் கயிறு கையில் கட்டி வரக்கூடாது என்றும் இருந்தது. 2023-இல் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்களே, அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை பள்ளிகளுக்குப் பரிந்துரைத்ததும் இதைத்தான். அறை ஒதுக்குவது சீட்டுக் குலுக்கி. சைவம், அசைவம் என்று சமையல் வேறாக இருக்கலாம், பந்தி ஒன்றுதான்.

மலைக் கிராமங்களிலிருந்து ஆறு பிள்ளைகள் கட்டணம் இல்லாமல் வந்திருந்தார்கள், மலையாளி சமூகத்துப் பிள்ளைகள் (கேரளா என்று நினைத்துவிட வேண்டாம், சேர்வராயன் மலைப் பழங்குடிகளுக்கு அதுதான் பெயர்). கீழேயிருந்து போன ஒரு பையன் முதல் நாள் அவர்களை "ஏய், மலைக்காரா" என்று கூப்பிட்டிருக்கிறான். பயிற்சியாளர் எல்லார் முன்னாலும் கத்தவில்லை. அவனைத் தனியாகக் கூட்டிப்போய்ப் பேசினார், அப்புறம் அவனும் அந்தப் பிள்ளைகளில் ஒருவனும் மூன்று நாள் ஒரே கயிற்றில் ஜோடி. காபித் தோட்டத்துக்குள் காட்டெருமை போன தடத்தை எப்படிப் பார்ப்பது என்று அந்த மலைக் கிராமத்துப் பையன்தான் எல்லாருக்கும் காட்டினானாம். இதை என் மகள் வந்து சொன்னபோது கொடுத்த காசு வீண் போகவில்லை என்று தோன்றியது.

நடத்தை விதிகளில் முக்கியமானது, பெரியவர் யாரும் பிள்ளைக்குத் தனியாகச் செய்தி அனுப்பக்கூடாது, சொந்த போனில் படம் எடுக்கக்கூடாது என்பது. முகாமில் எல்லாப் பயிற்சியாளரும் "அண்ணா", "அக்கா". அது நம் வழக்கம், எனக்கும் பிடிக்கும். ஆனால் அண்ணா என்று கூப்பிட்ட வாயால் புகார் சொல்லப் பிள்ளைக்கு வராது. அதனாலேயே முதல் நாள் மாலை எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து, ஒவ்வொரு விதியாகத் தமிழில் வாசித்து, "அண்ணா செஞ்சாலும் தப்பு தப்புதான், சொல்லலாம்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

முகாம் முடிந்து மூன்றாம் நாள் இரவு 10:40-க்கு மகள் போனில் ஒரு செய்தி. உதவிப் பயிற்சியாளர் ஒருவர். அவள் கயிறு ஏறும் படம், கீழே "செமயா ஏறுன. குரூப்ல போடல, உனக்கு மட்டும்." அவள் போனைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, "அம்மா, தனியா மெசேஜ் பண்ணக்கூடாதுன்னு அந்தப் பேப்பர்ல இருந்துச்சுல்ல?" என்றாள். பயந்து போய் இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். பதினாலு வயசில் எனக்கு இப்படி ஒன்று நடந்திருந்தால் நான் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன்.

காலையில் தாளில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். பாதுகாப்புப் பொறுப்பாளர், ஒரு பெண்மணி, எடுத்தார். "அவன் நல்ல பையன்ங்க" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. செய்தியை அழிக்க வேண்டாம், பதிலும் போட வேண்டாம் என்றார். அன்று சாயங்காலத்துக்குள் அந்த ஆளைப் பிள்ளைகள் இருக்கும் வேலையிலிருந்து விலக்கிவிட்டதாக எழுத்தில் வந்தது. மகளிடம் ஒரே ஒரு தடவை, நான் பக்கத்தில் இருக்க, எங்கள் வீட்டிலேயே வந்து பேசினார்கள். அப்போது அந்தப் பெண்மணி சொன்னார், "இதுக்கு மேல ஏதாவது நடந்திருக்கும்னு சந்தேகம் வந்தாலே நாங்க போலீஸ்ல சொல்லியாகணும்ங்க, உள்ளுக்குள்ள பேசி முடிக்கறதுக்கு இடமே இல்ல." உண்மைதான். பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் சொல்லாமல் விட்டால் ஓராண்டு வரை சிறை. ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது, அவரை நிரந்தரமாக நீக்கிவிட்டார்கள்.

சரி, குறைகளுக்கு வருகிறேன், இவையும் சின்ன விஷயம் இல்லை. அவருக்கு மகளின் எண் எப்படிக் கிடைத்தது? வருகைப் பதிவேடு சாப்பாட்டுக் கூடத்து மேசையில் திறந்தே கிடந்திருக்கிறது. ஒன்பது பக்கம் எழுதியவர்கள் ஒரு நோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டவில்லை. கூட்டிவரப் போன அன்று நானே பார்த்தது இன்னொன்று: புகார்ப் பெட்டி அலுவலக வாசலில், எல்லார் கண்ணும் படும் இடத்தில் தொங்குகிறது. பூட்டில் துரு, சீட்டுப் போடும் ஓட்டையில் சிலந்தி வலை. சாவி யாரிடம் என்று கேட்டேன், மூன்று பேர் மூன்று பேரைக் கை காட்டினார்கள். பெண்கள் பக்கம் ரெண்டாவது குளியலறையில் தாழ்ப்பாள் விழவில்லை, பிள்ளைகள் வாளியை முட்டுக்கொடுத்துக் குளித்திருக்கிறார்கள். விதித்தாளில் "பெண் பிள்ளைகள்" என்றே பல இடத்தில் இருந்தது. போக்சோ 18 வயதுக்குக் கீழே ஆண் பிள்ளைக்கும் அதே பாதுகாப்பைத் தருகிறது, பையன்களைப் பெற்றவர்களும் இதைக் கேட்க வேண்டும்.

வேன் விஷயத்தில் சொல்ல ஒன்றும் இல்லை. ஆளுக்கு ஒரு சீட், இருட்டியபின் 20 கொண்டை ஊசி வளைவிலும் வண்டி ஓட்டக்கூடாது என்று விதி, அப்படியே செய்தார்கள்.

பணம் கட்டும் முன் நீங்களும் ஒன்று கேளுங்கள்: வேலை செய்பவர்களுக்குப் போலீஸ் சரிபார்ப்பு முடிந்ததா என்று. 2020 போக்சோ விதிகளின்படி பள்ளி மட்டும் இல்லை, விளையாட்டு அகாடமி போலப் பிள்ளைகள் வந்து போகும் இடம் எதுவானாலும், ஒப்பந்த ஆள் உட்பட எல்லாருக்கும், குறித்த கால இடைவெளியில் அதைச் செய்ய வேண்டும். கேட்டால் சில இடத்தில் முகம் மாறும், மாறட்டும்.

போன வாரம் அலுவலகம் போயிருந்தேன், சின்னவனை டிசம்பர் முகாமில் சேர்க்கலாமா என்று. புதுத் தாள் கொடுத்தார்கள், இப்போது முதலிலேயே தமிழில். "பெண் பிள்ளைகள்" போய் "பிள்ளைகள்" என்று மாறியிருக்கிறது, முதல் பக்கத்திலேயே பிள்ளைகளுக்கான உதவி எண் 1098 பெரிய எழுத்தில் இருக்கிறது, பதிவேடு பூட்டுக்குள் போய்விட்டதாம், புகார்ப் பெட்டியைத் தங்கும் அறை நடைவழிக்கு மாற்றிவிட்டார்களாம். தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் "மாத்தியிருப்பாங்கங்க" என்று வந்தது. ஞாயிற்றுக்கிழமை மேலே போகிறேன், அந்தக் கதவை நானே சாத்திப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டுவேன்.