பின் ஷாக்கின் திருகு: காயில்ஓவருடன் மூன்று ஆண்டுகள்

முன்பக்க ஷாக் அப்சார்பர்களை உடற்கூட்டோடு இணைக்கும் மேல்மவுண்ட் இரண்டையும் மாற்றி, மூலக்கடைப் பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துவந்த அன்று மாலை, எங்கள் தெருவில் பழைய போலோ ஜிடி ஒன்றை வாங்கியிருக்கும் தம்பி ஒருவர் வாசலில் வந்து நின்று, "அண்ணே, நானும் காயில்ஓவர் போடலாம்னு இருக்கேன், போடலாமா?" என்று கேட்டார். காயில்ஓவர் என்பது காரின் உயரத்தையும் ஷாக்கின் இறுக்கத்தையும் திருகி மாற்றிக்கொள்ளக்கூடிய ஷாக், ஸ்பிரிங் தொகுப்பு. கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்லிவிட்டேன். பட்டறைக்குப் பணம் கட்டிய கையோடு சொன்ன அந்தப் பதில் நியாயமானதுதானா என்ற உறுத்தல் இன்னும் இருப்பதால் இதை எழுதுகிறேன்.

என் வண்டி ஸ்கோடாவின் ஆக்டேவியா ஆர்எஸ் 230 கார். அதன் எஞ்சினைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2022 இறுதியில் காயில்ஓவரைப் பொருத்தினேன். அதன் மேல் இதுவரை 34,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓடியது ஐந்தே ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள். மீதி முழுவதும் பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து மணலிக்கும் எண்ணூருக்குமாக, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் பின்னால் ஊர்ந்தவை. இந்தக் கணக்கை வாங்குவதற்கு முன்பே போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

விற்றவர் சொன்ன வாசகம் எனக்கு இன்னும் மனப்பாடமாக இருக்கிறது: ஞாயிற்றுக்கிழமை தடத்துக்குத் திருகிக்கொள்ளலாம், திங்கட்கிழமை வீட்டுக்குத் திருகிக்கொள்ளலாம். முன்பக்கத்தைப் பொறுத்தவரை அது உண்மைதான். பானட்டைத் திறந்தால் ஷாக்கின் தலையில் திருகு தெரியும். எண்ணிக்கொண்டு பத்து கிளிக், அதாவது பத்து படி, திருப்ப அரை நிமிடம் போதும். பின்பக்கக் கதை வேறு. இந்த வண்டியில் பின் ஸ்பிரிங் ஓரிடத்திலும் ஷாக் வேறோரிடத்திலும் இருக்கின்றன. நான் வாங்கிய தொகுப்பில் திருகு ஷாக்கின் மேல்முனையில், உடற்கூட்டுக்குள் புதைந்து கிடக்கிறது. ஜாக்கி வைத்து, சக்கரத்தைக் கழற்றி, வளைவுக்குள்ளிருக்கும் பிளாஸ்டிக் உறையை நீக்கி, போல்ட்டுகளைத் தளர்த்தி, ஷாக்கைக் கீழே இறக்கினால்தான் விரல் அதைத் தொடும். பிறகு எல்லாவற்றையும் திரும்ப மாட்டிவிட்டு மறுபக்கம் போக வேண்டும். "இன்னாண்ணே, ரெண்டு கிளிக்குக்கு ரெண்டு மணி நேரமா?" என்று பட்டறைப் பையன் கேட்டபோது நான் சிரித்து மழுப்பினேன்.

ஆகவே என் திங்கட்கிழமை எப்போதுமே பாதித் திங்கட்கிழமையாகத்தான் இருந்தது: முன்பக்கம் வீட்டுக்கு, பின்பக்கம் தடத்துக்கு. பின் இருக்கையில் உட்காருபவர் என் அம்மா.

நியாயமாகச் சொல்வதானால், திருகு கைக்கெட்டியிருந்தாலும் அது செய்யக்கூடியது குறைவே. கிளிக்கைத் தளர்த்தினால் ஸ்பிரிங் மென்மையாகிவிடும் என்று நம்பித்தான் பலர் இதை வாங்குகிறார்கள். நானும் அந்தப் பலரில் ஒருவன். என் தொகுப்பில் உள்ளதைப் போன்ற ஒற்றைத் திருகு பெரும்பாலும் ரீபவுண்டை, அதாவது அமுங்கிய ஸ்பிரிங் எவ்வளவு வேகமாக மீள்கிறது என்பதைத்தான் மாற்றுகிறது. ஸ்பிரிங்கின் விறைப்பு போட்டது போட்டபடி இருக்கும். அந்த விறைப்பை இரட்டிப்பாக்கினால் உடற்கூடு மேலும் கீழும் ஆடும் வேகம் ஏறக்குறைய 1.4 மடங்காகிறது: நொடிக்கு ஒன்றேகால் முறை ஆடிய கார் ஒன்றேமுக்கால் முறை ஆடத் தொடங்கும். அதோடு முடிந்தால் பரவாயில்லை. மனித உடல் செங்குத்து அதிர்வை மிகக் கூர்மையாக உணர்வது நொடிக்கு 4 முதல் 8 வரையிலான அலைவுகளில். மென்மையான ஸ்பிரிங் பெருமளவு விழுங்கிவிடுகிற அந்தப் பகுதியை விறைப்பான ஸ்பிரிங் கூடுதலாக இருக்கைக்கு ஏற்றி அனுப்புகிறது.

எண்ணூர் விரைவுச் சாலையில் நான் முதல் ஆறு மாதம் செய்த பிழையும் இங்கேதான் இருக்கிறது. லாரிகள் அழுத்தி அலை அலையாக்கிய தார்மேல் கார் நடுங்கியதும், இன்னும் கட்டுப்பாடு வேண்டுமென்று எண்ணி ரீபவுண்டை இறுக்கினேன். கார் மேலும் முரடானது. இறுக்கமான ஷாக், ஸ்பிரிங் முழுவதும் மீள்வதற்குள் அடுத்த மேட்டை எதிர்கொள்கிறது. ஒவ்வொரு மேட்டுக்கும் கார் சற்றுக் கீழிறங்கி, கடைசியில், அமுக்கத்தின் எல்லையில் தடுக்கும் பம்ப் ஸ்டாப்பின் மேலேயே உட்கார்ந்துகொண்டு ஓடுகிறது. அதன்பின் நீங்கள் உணர்வது ஸ்பிரிங்கை அல்ல, ரப்பர் கட்டையை. நான்கு கிளிக் தளர்த்தியதில் ஓரளவும், உயரத்தை 12 மில்லிமீட்டர் கூட்டியதில் பேரளவும் நிம்மதி கிடைத்தது. அழகுக்காகத் தாழ்த்திய அந்த 12 மில்லிமீட்டர்தான் என் முதுகை ஆறு மாதம் பதம்பார்த்தது. 2018இல் விற்பனைக்கு வந்த ரெனோ மெகான் ஆர்எஸ்ஸில் நான்கு மூலையிலும் பம்ப் ஸ்டாப்பையே ஹைட்ராலிக்காகச் செய்திருந்த காரணம் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

உயரத்தைக் கூட்டுவதும் சொல்லுமளவு எளிதல்ல. காசிமேட்டுக் காற்று வீசும் ஊரில் மரையுள்ள எந்தப் பொருளும் மரையாக நீடிப்பதில்லை. உயரம் மாற்றும் வளையங்களில் இரண்டு உப்புப் பூத்து இறுகிப்போய், எண்ணெய் தெளித்து ஒரு இரவு ஊறவைத்த பிறகே அசைந்தன. இப்போது மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் பல்துலக்கும் பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து கிரீஸ் பூசுவது என் வழக்கமாகிவிட்டது.

வேகத்தடைகளைப் பற்றி ஒன்றே ஒன்று. இந்தியச் சாலைப் பேராயத்தின் வரையறைப்படி அவை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டு, மணிக்கு 25 கிலோமீட்டரில் நோகாமல் கடக்கத்தக்கவையாக இருக்க வேண்டும். எங்கள் பக்கத்துச் சந்துகளில் இருப்பவை அந்த உயரத்தை மட்டும் தாராளமாகப் பின்பற்றுகின்றன.

இத்தனை குறையையும் மீறி நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. எர்ணாவூரிலிருக்கும் சித்தி வீட்டுக்கு அம்மா போகும்போதெல்லாம் எவர்சில்வர் தூக்கில் ரசம் கொண்டுபோவார். பழைய ஷாக் இருந்த நாட்களில், மேம்பாலத்தின் இறக்கத்தில் கார் ஒருமுறை அமுங்கி, எழுந்து, மறுபடியும் அமுங்கும்; அந்த இரண்டாவது அமுக்கத்தில் ரசம் மூடியின் விளிம்பைத் தாண்டிப் புடவையில் சிந்தும். காயில்ஓவர் போட்ட பிறகு அதே இறக்கத்தில் கார் ஒரே அசைவில் அடங்கிவிடுகிறது. தூக்கின் மூடி வழி முழுவதும் டகடகவென்று அடித்துக்கொண்டே வந்தது. ரசம் ஒரு சொட்டு வெளியே வரவில்லை. "சத்தம்தான் தாங்கல, ஆனா தலை சுத்தல" என்றார் அம்மா. எந்த மதிப்புரையிலும் இதைவிடத் துல்லியமாக இந்தத் தொகுப்பை யாரும் விவரித்து நான் படித்ததில்லை.

தடத்தில் இது எப்படி என்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. 1990இல் தொடங்கிய அந்த 3.7 கிலோமீட்டர் தடத்தின் வளைவுகளில் பழைய அமைப்போடு நான் திருத்திக்கொண்டே இருந்த ஸ்டியரிங், இப்போது ஒருமுறை திருப்பினால் அங்கேயே நிற்கிறது. சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தைப் பார்த்தவர் என் மாமா. அவர் ஒரு சுற்று பக்கத்தில் உட்கார்ந்து வந்துவிட்டு, இறங்கியதும் வேறெதுவும் பேசாமல் இன்னொரு சுற்று கேட்டார்.

ஆனால் தடத்தையும் தெருவையும் ஒரே இறுக்கத்தில் சமாளிக்க முடியாது என்பதைக் கோடிக்கணக்கில் விலை வைப்பவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மைக்கேல் ஷூமாக்கர் உருவாக்கத்தில் பங்கேற்ற, 2007இல் வெளிவந்த ஃபெராரி 430 ஸ்குடேரியாவில், எஞ்சினையும் கியரையும் பந்தய முறையில் விட்டுவிட்டு ஷாக்கை மட்டும் தளர்த்த ஒரு பொத்தான் வைத்தார்கள். ஓட்டுநர் இருக்கையிலிருந்தே அழுத்தலாம். பின்சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை.

மேல்மவுண்ட் மாற்றிய அன்று, இதுதான் தருணம் என்று பின்பக்கத்தையும் இரண்டு கிளிக் தளர்த்தச் சொன்னேன். இடப்பக்கத் திருகு சுழன்றது. வலப்பக்கத் திருகு உப்பில் இறுகி அசைய மறுத்தது. வேறு வழியின்றி இடப்பக்கத்தையும் பழைய இடத்துக்கே திருப்பி வைத்தோம். "பரண்ல இருக்கற பழசையே எடுத்தாந்து மாட்டிடலாமாண்ணே?" என்று பையன் கேட்டான். பழைய வேட்டியில் சுற்றி வைத்திருக்கும் அந்த நான்கு ஷாக்குகளும் நன்றாகத்தான் இருக்கின்றன. வேண்டாம் என்றேன்.

அந்த மனநிலையில்தான் வீட்டுக்கு வந்து, தெருத் தம்பியிடம் "போடாதே" என்று சொன்னேன். "அப்புறம் நீங்க ஏண்ணே கழட்டல?" என்று அவர் திருப்பிக் கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, லாரி வரிசை நீள்வதற்கு முன், எண்ணூர் வரை ஒருமுறை போய்வரலாம் என்று அழைத்திருக்கிறேன். போகும்போது முன்னால் உட்காரட்டும். திரும்பும்போது பின் இருக்கையில் உட்காரச் சொல்லியிருக்கிறேன்.