ஏற்காட்டில் ஹெம்லாக் கதவு: ஐப்பசியில் எழுதியது

ஏற்காட்டில் வீடு கட்டும் நண்பர் ஒருவர், "உங்க வீட்டுக் கதவெல்லாம் கனடா மரம்தானே, எப்படி இருக்கு?" என்று கேட்டார். நல்லாருக்கு என்று ஒரு வரியில் முடிக்க மனம் வரவில்லை. கேட்ட நேரம் அப்படி. வெளியே ஐப்பசி மழை, உள்ளே படுக்கையறைக் கதவைத் தோளால் இடித்துத் திறந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மரத்தின் மேல் குறை சொல்ல மாட்டேன். 2014 ஏப்ரலில் மியான்மர் அறுக்காத தேக்கு உருட்டுமர ஏற்றுமதியை நிறுத்தியதிலிருந்தே நல்ல பர்மா தேக்கு நம் கைக்கு எட்டுவதில்லை. சேலத்து மரக்கடையில் ஹெம்லாக்கைக் காட்டினார்கள். கனடாவின் மேற்குக் கரையில் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் கடலோரக் காட்டு மரம். சூளையில் உலர்த்தி, அளவாக அறுத்தே கப்பலேறி வருகிறது. ரேகை நூல் பிடித்ததுபோல் நேராக ஓடும். பைன் மரத்தில் கசிவதுபோல் கணுவில் பிசின் கசியாது. ஆசாரி முதல் பலகையை இழைத்துவிட்டு, "வெண்ணெயாட்டம் போகுதுங்க" என்றார். இத்தனை வருடத்தில் ஒரு கதவுகூட முறுக்கிக்கொள்ளவில்லை. அதே சமயத்தில் போட்ட உள்ளூர் மர அலமாரிக் கதவு இரண்டும் இப்போது ஆளுக்கொரு பக்கம் பார்க்கின்றன.

"வெளிநாட்டு மரமெல்லாம் நம்ம மலைக்கு ஆகாது" என்று எதிர்வீட்டுக்காரர் அன்றே சொன்னார். அவர் காப்பித் தோட்டத்தில் மிளகுக் கொடி ஏறி நிற்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அதைச் சொன்னேன், சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

சரி, கதவுக்கு வருகிறேன். கடைக்காரர் மீட்டரை வைத்து ஈரம் 12 சதவீதம் என்று காட்டினார். சேலத்து வெயிலுக்கு அது பொருந்தும். ஆனால் கதவு மாட்டப்போவது கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரத்தில், மேகம் ஜன்னல் வழியாக வந்து போகிற ஊரில். இங்கே மழைக்காலத்தில் மரம் மெல்ல ஈரம் இழுக்கும். நீளவாக்கில் அசையாது, அகலவாக்கில்தான் உப்பும். நடுப்பலகை, சட்டத்தில் வெட்டிய காடிப் பள்ளத்துக்குள் சும்மா உட்கார்ந்திருப்பதால் அதனால் தொல்லையில்லை. இரண்டு பக்கமும் நிற்கிற நாலு அங்குல நெடுஞ்சட்டம்தான் வில்லன். ஆறு சதவீத ஈரம் கூடினால் இரண்டும் சேர்ந்து மூன்று மில்லிமீட்டர் வரை தடிக்கும். நிலைக்கும் கதவுக்கும் நடுவே விட்டிருந்த சந்து அவ்வளவுதான்.

ஆடியில் லேசாக உரச ஆரம்பிக்கும். ஐப்பசியில் கவ்விக்கொள்ளும். மாசியில் ஒன்றுமே நடக்காததுபோல் சாத்திக்கொள்ளும். ஒவ்வொரு மழைக்கும் ஆசாரி இழைப்புளியோடு வந்து, "ரெண்டு இழுப்பு இழுத்தாச் சரியாப் போயிரும்ங்க" என்பார். இழைத்தால் மழையில் சரியாகும், பங்குனியில் சந்து வழியாகக் காற்று விசிலடிக்கும். அதனால் இழைக்க விடவில்லை.

போன வாரம் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கதவுக்கு அடியில் தரையில் வைத்துப் பார்த்தேன். மூன்று பூச்சு வார்னிஷ் என்று கூலி வாங்கிய பட்டறை, அடி விளிம்பில் ஒரு சொட்டுகூடத் தடவவில்லை. மரம் வந்த நிறத்திலேயே இருக்கிறது. ஸ்டூல் போட்டு ஏறினேன், மேல் விளிம்பும் அப்படியே. சட்டத்தின் வெட்டுமுகம் அங்கேதான் திறந்து கிடக்கிறது. மரம் தண்ணீர் குடிக்கிற வாயே அதுதான். முன்பக்கம் மட்டும் முகம் தெரிகிற மாதிரி பளபளப்பு! கோபம் மரத்தின் மேல் இல்லை, ஆனால் தோள் வலிப்பது எனக்கு.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹெம்லாக்குக்குக் கரையானைத் தாங்கும் இயல்பு கிடையாது, மழை நேராக அடிக்கிற இடத்துக்கும் ஆகாது. நிலைக்கு வேங்கையே போட்டுக்கொள்ளுங்கள். மென்மையான மரம், பையன் சைக்கிள் இடித்த இடம் பள்ளமாகத்தான் தெரியும். கீலுக்கு நீளமான ஸ்க்ரூவாக வாங்கி, முதலில் துளை போட்டு முடுக்கச் சொல்லுங்கள்.

ஆக, நண்பரே, வாங்காதீர்கள். மாசியில் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லியிருப்பேன். மீறி வாங்கினால், கதவை மாட்டும் முன் மேல் விளிம்பையும் அடி விளிம்பையும் நீங்களே தடவிப் பாருங்கள். வழவழப்பாக இல்லையென்றால் பட்டறைக்காரருக்கு மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.