ஆர்எக்ஸ்100 மீட்டர் தப்பாகக் காட்டுகிறதா? கேபிள், பினியன், மீட்டர் ரிப்பேர், புது மீட்டர்: எதில் காசைப் போடலாம்?

பழைய யமஹா ஆர்எக்ஸ்100, ஆரம்பகால ஸ்ப்ளெண்டர் மாதிரியான கேபிள் மீட்டர் வண்டிகளில் வேகம் தப்பாகக் காட்டுகிறது என்று சொன்னால், பட்டறையில் பெரும்பாலும் முதலில் மாற்றுவது கேபிளைத்தான். விலை குறைவு, வேலையும் சுலபம். ஆனால் முள் துள்ளாமல் நிதானமாக நின்று, தப்பான வேகத்தைக் காட்டுகிற வண்டிக்குக் கேபிள் மாற்றுவது வீண் செலவு.

ஏன் என்று பார்ப்போம். முன்சக்கர பிரேக் பிளேட்டுக்குள் இருக்கும் பினியன் என்ற சிறு பல்சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறதோ, அதிலிருந்து மீட்டருக்குப் போகும் கேபிளின் மேல்முனையும் அத்தனை சுற்றுதான் சுற்றும். தேய்ந்த கேபிள் திக்கித் திக்கிச் சுற்றலாம், அறுந்து போகலாம். ஆனால் 60-ஐ 50 ஆக்க அதனால் முடியாது. மீட்டருக்குள் போனதும் அந்தச் சுற்று இரண்டு வேலை செய்கிறது. பல்சக்கரங்கள் வழியாகக் கிலோமீட்டர் எண்களை நகர்த்துகிறது. கூடவே ஒரு காந்தத்தையும் சுழற்றுகிறது. காந்தத்துக்கு வெகு அருகில், அதைத் தொடாமல், ஓர் அலுமினியக் கிண்ணம் இருக்கும். காந்தம் சுழல, கிண்ணத்தில் மின்னோட்டம் உண்டாகி அதுவும் கூடத் திரும்பப் பார்க்கும். மெல்லிய சுருள்வில் ஒன்று அதைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும். இரண்டு இழுப்பும் சமமாகிற இடத்தில் முள் நிற்கும். 1902இல் ஜெர்மனியில் ஓட்டோ ஷுல்ட்சே காப்புரிமை பெற்ற அதே ஏற்பாடுதான்.

ஆக, கிலோமீட்டர் எண் பல்லால் ஓடுகிறது, முள் காந்தத்தால் நகர்கிறது. கோளாறு எங்கே என்பதை இந்த வித்தியாசமே காட்டிக்கொடுத்துவிடும். நெடுஞ்சாலையில் ஐந்து கிலோமீட்டர் கல்லைத் தாண்டும்வரை ஓட்டி, மீட்டரில் எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். அப்புறம் நேரான சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது, பின்னால் உட்கார்ந்திருப்பவரைக் கைபேசியின் ஜிபிஎஸ் வேகத்தைப் படிக்கச் சொல்லுங்கள். வேகம் ஏறும்போதும் மேம்பாலத்துக்கு அடியிலும் ஜிபிஎஸ்ஸை நம்ப வேண்டாம்.

கிலோமீட்டரும் தப்பு, வேகமும் அதே விகிதத்தில் தப்பு என்றால், கோளாறு கீழே சக்கரத்தில். ஆர்எக்ஸ்100-ஐப் புதுப்பிக்கிறவர்கள் டிஸ்க் பிரேக்குக்காக வேறு வண்டியின் முன்சக்கரத்தை மாட்டுவது சகஜம். அந்த வண்டியின் பினியன் பல் கணக்கு வேறாக இருந்தால், இந்த மீட்டர் ஒருநாளும் சரியாகக் காட்டாது. 18 அங்குல சக்கரத்தை 17 ஆக்கினால் மட்டுமே சுமார் 4 சதவீதம் கூடுதலாகக் காட்டும். டயர் தேய்மானத்தால் வருவது 2 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். 20 சதவீதப் பிழைக்கு யாராவது டயரைக் காரணம் சொன்னால் ஏற்காதீர்கள். இங்கே சரியான செலவு, மீட்டருக்குப் பொருந்துகிற பினியன் செட் மட்டும்தான்.

கிலோமீட்டர் சரி, முள் மட்டும் தப்பு என்றால் மீட்டரைத்தான் திறக்க வேண்டும். காந்தம் வலு இழந்தால் குறைத்துக் காட்டும். சுருள்வில் தளர்ந்தால் கூட்டிக் காட்டும். கேபிளில் எண்ணெயை ஊற்றி ஊற்றி, அது மேலே ஏறிக் கிண்ணத்தில் ஒட்டிக்கொண்டாலும் முள் கூடுதலாகப் போய், வண்டி நின்றபிறகும் பூஜ்யத்துக்கு வராமல் மந்தமாக நிற்கும்.

கேபிளின் முறை எப்போது? முள் 30-க்கும் 50-க்கும் நடுவே ஆடும்போது. உள்கம்பியை உருவி எடுத்து, சமமான மேஜையில் வைத்து விரலால் உருட்டுங்கள். கோணல் இருந்தால் முனை துள்ளும். பிரிந்த இழை இருந்தால் விரலில் குத்தும். இரண்டும் இல்லையா? துடைத்து, கீழே இருந்து முக்கால் நீளத்துக்கு மட்டும் கிரீஸ் தடவி மாட்டுங்கள். மேல்பக்கம் வேண்டாம், அது மீட்டருக்குள் போய்விடும்.

பழைய மீட்டரைச் சரிசெய்வதா, புதிதாக ஒரு டூப்ளிகேட் மீட்டர் வாங்குவதா? என் ஓட்டு பழைய மீட்டருக்கே. ஜப்பானிய வகை மீட்டர்களில் பல, கிலோமீட்டருக்குக் கேபிள் 1400 சுற்று சுற்றும் என்ற கணக்கில் செய்யப்பட்டவை. கடையில் முகம் மட்டும் ஒன்றுபோல இருக்கிற மீட்டர் அந்தக் கணக்கில் இல்லாவிட்டால், பழைய பிழை போய்ப் புதுப் பிழை வரும். மீட்டர் ரிப்பேர் தெரிந்தவர் விளிம்பைப் பிரித்து, கிண்ணத்தைச் சுத்தம் செய்து, தெரிந்த வேகத்தில் சுழற்றி முள்ளைத் திரும்பப் பொருத்துவார். அப்படிப்பட்டவர்கள் குறைந்து வருகிறார்கள் என்பதுதான் வருத்தம். காந்தமே செத்துவிட்டது என்று அவர் சொன்னால் புதிதுக்குப் போகலாம். அப்போது பழைய மீட்டரின் கடைசி எண்ணைப் படமெடுத்து வண்டிக் காகிதங்களோடு வையுங்கள். நாளை வாங்க வருகிறவருக்கு அதைக் காட்டுவதே நியாயம்.

ஜிபிஎஸ் மீட்டரை நிரந்தரமாக மாட்டிவிட்டு மூலமீட்டரைக் கைவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. வேகம் சரியாகத்தான் காட்டும், ஆனால் கேபிளைக் கழற்றிவிட்டால் வண்டியின் சொந்தக் கிலோமீட்டர் கணக்கு அன்றோடு நின்றுபோகும்.

எவ்வளவு பிழைவரை விடலாம்? ஐ.நா.வின் வாகன விதி எண் 39, உண்மை வேகத்தைவிட 10 சதவீதமும் அதன்மேல் 4 கி.மீ.யும் கூடுதலாகக் காட்ட இடம் தருகிறது. குறைத்துக் காட்ட மட்டும் இடமே இல்லை. அதனால் 57-இல் போகும்போது 60 காட்டுகிற மீட்டரை அப்படியே விடலாம். 60-இல் போகும்போது 50 காட்டினால், வேக வரம்புக்குள் இருக்கிறோம் என்று நம்பிக்கொண்டே பள்ளிக்கூட வாசலை வேகமாகக் கடந்துகொண்டிருப்பீர்கள். அந்த வண்டியை இந்த வாரமே பட்டறைக்கு விடுங்கள்.